அப்பாவின் குரலுக்கு எத்தனை மார்க்?

இந்த வாரக் கடிதம் பெங்களூரில் ஐ.டி. வேலை பார்க்கும் 34 வயது மகன் எழுதியது. மூன்று பக்கம், கூடவே ஒரு எக்செல் ஷீட். யாரென்று தெரியாதபடி விவரங்களைக் குறைத்துச் சுருக்கமாகத் தருகிறேன்.

அவருடைய அப்பாவுக்கு 62 வயது. கொங்குப் பக்கம் மாட்டுத் தரகர், நாற்பது வருடமாகப் பீடி. நான்கு மாதமாகக் குரல் கம்மியிருந்ததைச் சந்தைத் தூசி என்று விட்டுவிட்டார்கள். இப்போது ஸ்கோப், பயாப்சி, சி.டி. ஸ்கேன் எல்லாம் முடிந்து, குரல்வளையில் புற்றுநோய், டி3 நிலை (கட்டி நன்றாக வளர்ந்திருக்கிறது, ஆனால் குரல்வளையைத் தாண்டவில்லை), வேறு உறுப்புக்குப் பரவவில்லை என்று சொல்லியிருக்கிறார்கள். டாக்டர்கள் கூடிப் பேசி இரண்டு வழி சொன்னார்களாம். ஒன்று, குரல்வளையை முழுதாக எடுத்துவிடும் ஆபரேஷன். இன்னொன்று, ஏழு வாரம் கதிர்வீச்சு, நடுவில் கீமோ. "இரண்டில் எதையும் செய்யலாம், வீட்டில் பேசிப் பத்து நாளில் சொல்லுங்கள்" என்று அனுப்பிவிட்டார்கள். அப்பாவுக்குத் தெரிந்ததெல்லாம் "தொண்டையில் ஒரு புண்" என்பது மட்டும்.

ஊரில் அப்பாவோடு இருக்கும் தங்கை, "குரல் போனால் அப்பா நடைப்பிணம், கரண்டே வைக்கலாம்" என்கிறார் (கதிர்வீச்சைத்தான் ஊரில் கரண்ட் என்பார்கள்). தாய்மாமா, "கத்தி பட்டால் பரவிவிடும்" என்கிறார். மகன் ஆறு வரிசை போட்டு, ஒவ்வொன்றுக்கும் முக்கியத்துவம் கொடுத்து, இரண்டு சிகிச்சைக்கும் பத்துக்கு இத்தனை என்று மார்க் போட்டுக் கூட்டியிருக்கிறார். ஆபரேஷன் 69, கதிர்வீச்சு 67. அவர் கேட்பது மூன்று: என் கணக்கு சரியா? மூத்த மகனாக நான் கையெழுத்துப் போட்டால் போதுமா? உங்கள் அப்பாவாக இருந்தால் நீங்கள் என்ன செய்வீர்கள்?

தம்பி, முதலில் ஒன்று. எக்செல் போட்டதற்காகத் தங்கை திட்டியதாக எழுதியிருக்கிறீர்கள். நான் திட்டப் போவதில்லை. தலை சுற்றும் நேரத்தில் ஒரு தாளை எடுத்து எது எது முக்கியம் என்று எழுதிப் பார்ப்பது நல்ல பழக்கம். நோயாளியின் விருப்பத்தை எண்ணாக்கி, அதை வைத்துச் சிகிச்சையை எடைபோடுவது ஐம்பது வருடமாக நடக்கிற ஒரு துறை. நீங்கள் வீட்டில் செய்தது அதன் கைவைத்தியம் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆனால் உங்கள் ஷீட்டில் ஒரு எண் தவறு, ஒரு வரிசை விடுபட்டிருக்கிறது, ஒரு ஆளே இல்லை. வரிசையாகச் சொல்கிறேன்.

அந்த 9-ம் 7-ம்

"உயிர்" என்ற வரிக்கு நூற்றுக்கு 40 கொடுத்திருக்கிறீர்கள், சரி. அதில் ஆபரேஷனுக்கு 9, கதிர்வீச்சுக்கு 7. இந்த 9-ம் 7-ம் எங்கிருந்து வந்தன? வெட்டி எடுத்தால் வேரோடு போய்விடும், கரண்ட் வைத்தால் மிச்சம் இருக்கும் என்ற எண்ணத்தில் வந்திருக்க வேண்டும். உங்கள் மாமா கத்திக்குப் பயப்படுகிறார், நீங்கள் கத்தியை நம்புகிறீர்கள், இருவருமே ஆய்வைப் பார்க்கவில்லை. (கத்தி பட்டால் பரவும் என்பது தவறு. முற்றிய நிலையில் ஆபரேஷனுக்கு வந்து, பிறகு நோய் திரும்பியவர்களைப் பார்த்து ஊரில் கிளம்பிய பேச்சு அது.)

1991-ல் அமெரிக்காவின் முன்னாள் ராணுவத்தினர் மருத்துவமனைகளில் செய்த ஆய்வு வெளிவந்தது. குரல்வளைப் புற்றுநோய் வளர்ந்த நிலையில் இருந்த 332 பேர். பாதிப் பேருக்கு ஆபரேஷனும் பிறகு கதிர்வீச்சும், பாதிப் பேருக்கு முதலில் கீமோ, அது பலித்தால் கதிர்வீச்சு. இரண்டு வருடம் கழித்து உயிரோடு இருந்தவர்கள் இந்தப் பக்கம் 68 சதவீதம், அந்தப் பக்கமும் 68 சதவீதம். கீமோ பக்கம் போனவர்களில் 64 சதவீதம் பேருக்குக் குரல்வளை அப்படியே இருந்தது. கீமோவையும் கதிர்வீச்சையும் ஒரே நேரத்தில் கொடுத்தால் இன்னும் நன்றாகக் காப்பாற்றலாம் என்று 2003-ல் வந்த இன்னொரு பெரிய ஆய்வு காட்டியது. இரண்டு வருட முடிவில் 88 சதவீதம் பேருக்குக் குரல்வளை தப்பியது. உங்கள் அப்பாவுக்குச் சொல்லியிருக்கும் ஏழு வார முறை இந்த வகைதான். டி3-க்கு இரண்டு வழியையும் திறந்து வைத்து உங்களிடம் கேட்டதற்குக் காரணமும் இதுதான். பதில் தெரியாமல் டாக்டர்கள் அதை உங்கள் தலையில் கட்டவில்லை.

இதுவே டி4 ஆகி, நோய் குரல்வளைக் குருத்தெலும்பைத் துளைத்து வெளியே வந்திருந்தால் பேச்சு வேறு, அங்கே பெரும்பாலும் ஆபரேஷன்தான் சொல்வோம். அதேபோல இப்போதே தண்ணீர் குடித்தால் புரையேறுகிறதா, மூச்சு விடும்போது சத்தம் வருகிறதா என்று பாருங்கள். கெட்டுப்போன குரல்வளையைக் காப்பாற்றி வைத்து என்ன செய்வது? ஆய்வுகளில் "குரல்வளை தப்பியது" என்றால் வெட்டி எடுக்கவில்லை என்றுதான் பொருள். அது நன்றாக வேலை செய்கிறது என்று பொருள் இல்லை. இது படித்தவர்களே கோட்டைவிடும் இடம்.

சரி, உங்கள் ஷீட்டுக்கு வருவோம். அந்த 7-ஐ 8 ஆக்கிப் பாருங்கள், வேறு எதையும் தொடாதீர்கள். கதிர்வீச்சு 71, ஆபரேஷன் 69. ஒரே ஒரு மார்க்கில் தலைகீழ். அப்புறம் "பேச்சு"க்கு நீங்கள் கொடுத்த 15-ஐ 10 ஆக்கி, "விழுங்குதல்" 10-ஐ 15 ஆக்குங்கள். ஆபரேஷன் 71, கதிர்வீச்சு 70, மறுபடியும் கவிழ்ந்துவிட்டது. இப்படி ஊதினால் சாய்கிற கணக்கு எந்தப் பக்கமும் தீர்ப்புச் சொல்லவில்லை. ஆனால் எந்த எண்ணைச் சரியாகத் தெரிந்துகொள்ள வேண்டும் என்று காட்டிக் கொடுக்கிறது. உங்கள் விஷயத்தில் அது பேச்சா விழுங்குதலா என்ற இடம்.

விடுபட்ட வரிசை எது என்றால், திரும்பி வரும் வழி. கதிர்வீச்சு முதலில் வைத்து, நோய் போகவில்லை அல்லது திரும்புகிறது என்றால் அப்போது குரல்வளையை எடுக்கலாம். முதலிலேயே எடுத்துவிட்டால் அதைத் திரும்பப் பொருத்த முடியாது. ஆனால் இந்தச் சலுகைக்கும் விலை உண்டு. கதிர்வீச்சு பட்ட கழுத்தில் பிறகு செய்யும் ஆபரேஷனில் புண் ஆற நாளாகும், தொண்டையிலிருந்து தோல் வரை ஓட்டை விழுந்து எச்சில் கசியும் அபாயம் கூடுதல். அதோடு முதல் ஒன்றிரண்டு வருடம் ஒன்று, இரண்டு மாதத்துக்கு ஒருமுறை வந்து ஸ்கோப் போட்டுப் பார்த்தே ஆக வேண்டும். "நல்லாத்தானே இருக்கேன், எதுக்கு ஆஸ்பத்திரி" என்று வராமல் இருந்துவிடுகிறவருக்கு இந்த வழி ஆபத்து. உங்கள் அப்பா எப்படி? நான்கு மாதம் கம்மிய குரலோடு சந்தைக்குப் போனவர் என்பதால் கேட்கிறேன்.

"அப்பாவை எனக்குத் தெரியாதா?"

கடிதத்தில் இந்த வரி இரண்டு இடத்தில் வருகிறது. ஷீட்டில் இல்லாத ஆள் யார் என்று இந்நேரம் உங்களுக்கே தெரிந்திருக்கும். நூறு மார்க்கையும் ஆறு வரிசைக்குப் பிரித்தது நீங்கள். ஆபரேஷனுக்குப் பிறகு மூச்சு விடுவதற்காகக் கழுத்தில் இருக்கப் போகும் ஓட்டைக்குப் பத்து போதும் என்றது நீங்கள். தங்கையும் அப்படித்தான், "குரல் போனால் நடைப்பிணம்" என்பது தங்கையின் மார்க்.

நெருங்கிய சொந்தம், நோயாளி என்ன விரும்புவார் என்று எவ்வளவு சரியாகச் சொல்கிறது? இதற்கு ஆய்வு இருக்கிறது. நோயாளியிடம் தனியாகவும் அவருக்காக முடிவெடுக்கும் சொந்தத்திடம் தனியாகவும் ஒரே கேள்வியைக் கேட்டு ஒப்பிட்ட 16 ஆய்வுகளைச் சேர்த்து 2006-ல் வெளியிட்டார்கள். சொந்தக்காரர்கள் சரியாகச் சொன்னது 68 சதவீதம். மூன்றில் ஒன்று தவறு. முப்பது, நாற்பது வருடம் ஒரே வீட்டில் இருந்தவர்களும் இதில் உண்டு.

சொந்தமே இப்படித் தடுமாறுகிறதே, கம்ப்யூட்டர் நன்றாகச் சொல்லுமா என்று ஆனெட் ரிட், டேவிட் வெண்ட்லர் என்ற மருத்துவ அறவியல் ஆய்வாளர்கள் இருவரும் 2014-ல் ஒரு யோசனை வைத்தார்கள். வயது, ஆணா பெண்ணா, முன்பு இதேபோல் இருந்தவர்கள் என்ன விரும்பினார்கள் என்ற தகவலை வைத்து இவர் என்ன விரும்புவார் என்று கணிக்கும் மாடல். இப்போது ஏ.ஐ. வந்த பிறகு ஒருவர் எழுதியது, பேசியது எல்லாவற்றையும் கொடுத்து அவருக்கென்றே ஒன்றைச் செய்யலாமா என்று விவாதம் நடக்கிறது. நீங்களும் அப்பாவைப் பற்றி எழுதிக் கொடுத்து ஒரு ஏ.ஐ.-யிடம் கேட்டதாகச் சொல்கிறீர்கள், அதுவும் ஆபரேஷன் என்றதாம். இந்த மாடல்களெல்லாம் நினைவிழந்து கிடப்பவருக்காக, கேட்டால் பதில் சொல்ல முடியாதவருக்காக யோசித்தவை. உங்கள் அப்பா நேற்றுக்கூட ஒரு ஜோடி காளைக்குப் பேரம் முடித்துவிட்டு வந்தார் என்று நீங்கள்தானே எழுதியிருக்கிறீர்கள்!

இரண்டு பேரைப் பற்றிச் சொல்கிறேன், இருவரும் நான் வருடக்கணக்காகப் பார்த்தவர்கள். ஒருவர் டீ மாஸ்டர். குரல்வளையை எடுத்துவிட்டு, மூச்சுக்குழாய்க்கும் உணவுக்குழாய்க்கும் நடுவில் வால்வு வைத்திருக்கிறோம். கழுத்து ஓட்டையைக் கட்டைவிரலால் மூடிக்கொண்டு மூச்சை விட்டால் பேச்சு வரும், கரகரப்பான, ஆனால் புரிகிற பேச்சு. டீ ஆற்ற இரண்டு கையும் வேண்டும், பேச ஒரு கை வேண்டும். அதனால் ஆற்றி முடித்து டம்ளரை வைத்த பிறகுதான் யாருக்கும் பதில். வாடிக்கையாளர்கள் பழகிவிட்டார்கள். குரல் போனதைவிட அவரை வாட்டியது வேறொன்று. மூக்கு வழியாக மூச்சு போகாததால் வாசனை தெரியவில்லை, பால் அடிப்பிடித்தால் பக்கத்துக் கடைக்காரர் வந்து சொல்ல வேண்டியிருக்கிறது. ஆபரேஷனுக்கு முன் வாசனையைப் பற்றி நாங்கள் யாரும் அவரிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

இன்னொருவர் கதிர்வீச்சும் கீமோவும் எடுத்தவர். குரல் இருக்கிறது, போனில் பேசினால் நோய் வந்தவர் என்றே தெரியாது. ஆனால் எச்சில் ஊறுவதில்லை, இட்லியைச் சாம்பாரில் மிதக்கவிட்டால்தான் இறங்கும், அதுவும் அரை மணி நேரம். கல்யாணத்துக்குப் போவார், மொய் எழுதுவார், பந்திக்கு மட்டும் உட்காரமாட்டார். இவர்களில் யார் நன்றாக இருக்கிறார் என்று உங்கள் ஷீட் சொல்லுமா?

நான் பார்த்த இருவரை வைத்து ஒரு முடிவுக்கும் வராதீர்கள். ஆபரேஷன் செய்து நன்றாகச் சாப்பிடுகிறவர்கள் நிறைய, கதிர்வீச்சு முடிந்து ஆறு மாதத்தில் பந்தியில் உட்கார்ந்தவர்களும் நிறைய. கேட்காமல் விட்டால் எது தப்பிப்போகிறது என்று காட்டவே சொன்னேன்.

கையெழுத்து

மூத்த மகனுடைய கையெழுத்து போதுமா என்றால், போதாது. நம் நாட்டில் வயதுவந்த, சுயநினைவோடு, விஷயத்தைப் புரிந்துகொள்ளக்கூடிய ஒருவருக்குச் சிகிச்சை செய்யச் சம்மதம் அவர்தான் தர வேண்டும். 2008-ல் சமீரா கோலி வழக்கில் உச்ச நீதிமன்றம் இதைத் தெளிவாகச் சொன்னது. பரிசோதனைக்காக லேப்ராஸ்கோப்பி (வயிற்றுக்குள் குழாய் விட்டுப் பார்ப்பது) செய்ய மயக்க மருந்து கொடுத்த பெண்ணுக்கு, வெளியில் இருந்த தாயிடம் சம்மதம் வாங்கிக் கருப்பையையும் சினைப்பைகளையும் எடுத்துவிட்டார்கள். உயிருக்கு உடனடி ஆபத்து இல்லாதபோது, மயக்கம் தெளிந்து அவரையே கேட்டிருக்கலாம், தாயின் சம்மதம் செல்லாது என்றது நீதிமன்றம். பெற்ற தாய்க்கே இதுதான் என்றால் மகனுக்கு? என்ன நோய், என்ன சிகிச்சை, என்ன ஆபத்து, வேறு வழி என்ன, செய்யாவிட்டால் என்ன ஆகும் என்று சொல்லிப் பெறுவதுதான் சம்மதம் என்றும் அதே தீர்ப்பில் இருக்கிறது. "புண்ணுக்கு ஆபரேஷன்" என்று சொல்லி அழைத்துப் போய், கண் விழிக்கும்போது குரல் இல்லை என்றால், சட்டத்தை விடுங்கள், அவர் முகத்தை எப்படிப் பார்ப்பீர்கள்?

நம் வீடுகளில் மறைப்பது அன்பினால்தான், எனக்கும் தெரியும். பெயரைச் சொன்னால் மனம் உடைந்து சாப்பாட்டை விட்டுவிடுவார் என்ற பயம். ஆனால் புற்றுநோய்ப் பிரிவு என்று போர்டு போட்ட வாசலில் மூன்று முறை உட்கார்ந்துவிட்டு வந்தவருக்கு ஒன்றும் தெரியாது என்று நினைக்கிறீர்களா? பெரும்பாலும் அவர்கள் நம்மைப் பார்த்து மறைத்துக்கொண்டிருப்பார்கள். நான் செய்வது இது: "ரிப்போர்ட் வந்திருக்கு. முழுசா சொல்லட்டுமா, இல்ல தேவையானதை மட்டும் சொல்லட்டுமா?" என்று அவரையே கேட்பேன். எல்லாவற்றையும் சொல்லுங்கள் என்பவர்களும் உண்டு, "எம்பையன்கிட்டச் சொல்லிருங்க, அவன் பாத்துக்குவான்" என்பவர்களும் உண்டு. இரண்டாவதும் செல்லும், அதுவும் அவருடைய விருப்பம்தான். ஆனால் அது அவர் வாயிலிருந்து வர வேண்டும், நீங்களாக எடுத்துக்கொள்ளக் கூடாது. அப்படிச் சொன்னாலும் குரல்வளை போகும் என்ற ஒன்றை மட்டும் டாக்டர் அவரிடம் நேராகச் சொல்லித்தான் தீர வேண்டும்.

அவரிடம் எப்படிக் கேட்பது

இங்கேதான் உங்கள் அப்பாவின் தொழிலை நினைத்துச் சிரித்துக்கொண்டேன். விருப்பத்தை எண்ணாக்குவதற்கு ஆராய்ச்சியாளர்கள் வைத்திருக்கும் முக்கியமான முறை ஒன்று சுத்தமான மாட்டுச் சந்தைப் பேரம். கனடாவில் டோரன்ஸ் என்பவர் 1970-களில் உருவாக்கியது. இன்ன குறையோடு பத்து வருடம் இருக்கலாம், அல்லது குறை இல்லாமல் ஒன்பது வருடம். எது வேண்டும்? குறை இல்லாமல் எட்டு? ஏழு? ஏழில் "ரெண்டும் ஒண்ணுதான்" என்று அவர் நின்றால், அந்தக் குறை அவருக்குப் பத்தில் மூன்று வருடத்துக்குச் சமம். துண்டுக்கு அடியில் விரலைப் பிடித்து விலையை ஏற்றி இறக்குகிற மனிதருக்கு இதைச் சொல்லிக்கொடுக்க வேண்டியதில்லை. நமக்குத்தான் வரைபடம் வேண்டும்.

இதைக் குரல்வளை நோய்க்கே செய்து பார்த்திருக்கிறார்கள். பார்பரா மெக்நீலும் கூட்டாளிகளும் 1981-ல் அமெரிக்காவில் நோய் இல்லாத 37 பேரைக் கேட்டார்கள், 12 பேர் தீயணைப்பு வீரர்கள், மற்றவர்கள் கம்பெனி அதிகாரிகள். அப்போதைய நிலவரப்படி கதிர்வீச்சு மட்டும் வைத்தால் பிழைக்கும் வாய்ப்பு குறைவு, ஆனால் குரல் இருக்கும். குரலுக்காக அந்தக் குறைந்த வாய்ப்பை ஏற்றுக்கொள்கிறேன் என்றவர்கள் ஏறக்குறைய ஐந்தில் ஒருவர். இதை மேடையில் சொல்லும்போது "பாருங்கள், ஐந்தில் ஒருவர் உயிரைவிடக் குரலைப் பெரிதாக நினைக்கிறார்" என்பார்கள். எனக்கு மற்ற நான்கு பேரும் கண்ணில் படுகிறார்கள். உங்கள் அப்பா எந்தப் பக்கம் என்பதை 37 அமெரிக்கர்கள் சொல்லப் போவதில்லை. அதுவும் நோய் வராதவர்கள் கற்பனையில் சொன்ன பதில். வந்த பிறகு மனிதர்கள் நாம் நினைப்பதைவிடப் பழகிக்கொள்கிறார்கள், எங்கள் டீ மாஸ்டரைப் போல.

சிலர் இந்தப் பேரத்துக்கே ஒத்துக்கொள்ளமாட்டார்கள். "ஆயுசு நம்ம கையிலயா இருக்கு, என்ன பேச்சு இது" என்று எழுந்துவிடுவார்கள். அப்படி என்றால் விட்டுவிடுங்கள், அதுவும் ஒரு பதில். அவர்களுக்குச் சீட்டு முறை நன்றாக வரும். சிகாகோவில் தலை, கழுத்துப் புற்றுநோய்க்காரர்களுக்கென்று 12 வாசகங்கள் கொண்ட பட்டியல் ஒன்று செய்தார்கள், நோயாளி அவற்றை முக்கியத்துவப்படி அடுக்க வேண்டும். நோய் குணமாவது, நீண்ட நாள் இருப்பது, வலி இல்லாமல் இருப்பது, எதையும் விழுங்க முடிவது, வாய் காயாமல் இருப்பது, ருசியும் வாசனையும் தெரிவது என்று போகும். 2000-ல் வந்த அவர்களுடைய ஆய்வில், சிகிச்சை தொடங்கும் முன் நோயாளிகள் அதிகமாக மேலே வைத்தது குணமாவதைத்தான். அந்தப் பட்டியலில் எனக்குப் பிடித்த நுட்பம், குரல் இயல்பாக இருப்பது ஒரு சீட்டு, நான் பேசுவது மற்றவருக்குப் புரிவது இன்னொரு சீட்டு. நீங்களும் தங்கையும் "பேச்சு" என்று ஒரே வரியில் போட்டுச் சண்டை போடுவது இரண்டு வேறு விஷயத்துக்காக. உங்கள் அப்பாவின் தொழிலில் விலை விரலில் நடக்கிறது. ஆனால் பேத்தியைக் கூப்பிடுவதும் மாட்டை அதட்டுவதும் குரலில். எது அவருக்குப் பெரிது என்று எனக்கும் உங்களுக்கும் எப்படித் தெரியும்?

துண்டுச் சீட்டில் எழுதி, படிக்கச் சிரமம் என்றால் நீங்கள் வாசித்துக் காட்டி, திண்ணையிலோ கட்டிலிலோ பரப்பி அடுக்கச் சொல்லுங்கள். உங்கள் வீட்டுக்கு ஏற்றபடி நான் சேர்க்கச் சொல்வது:

1. குளிப்பதும் நீச்சலும். ஆபரேஷனுக்குப் பிறகு மூச்சு கழுத்து ஓட்டை வழியாகத்தான். தலைக்குத் தண்ணீர் ஊற்றும்போது மறைப்பு வேண்டும், கிணற்றில் குதிப்பது அறவே கூடாது. சந்தைப் புழுதிக்கு எப்போதும் ஒரு மூடுதுணி.

2. தம் கட்டுவது. மூச்சைத் தொண்டையில் அடைத்துப் பிடிக்க முடியாததால் பாரம் தூக்குவதும், மலம் முக்கிக் கழிப்பதும்கூடக் கடினமாகும். இதைக் கூச்சத்தில் யாரும் சொல்வதில்லை.

3. ஏழு வாரம். வாரம் ஐந்து நாள், மொத்தம் 35 தடவை. கடைசி வாரங்களில் வாயும் தொண்டையும் புண்ணாகி மூக்கில் குழாய் வைத்துக் கஞ்சி ஊற்ற வேண்டிவரலாம். கீமோ மருந்தால் சிலருக்குக் காது மந்தமாகலாம், சிறுநீரகத்தைக் கவனிக்க வேண்டும். இந்த நோய்க்கு ஆபரேஷன் செய்தாலும் அதற்குப் பிறகு கதிர்வீச்சு தேவைப்படலாம். உங்கள் "அலைச்சல்" வரியில் ஆபரேஷனுக்கு 8 போட்டது அவசரம்.

4. மறுபடி பேசுவது. வால்வு சில மாதத்துக்கு ஒருமுறை மாற்ற வேண்டியது. வெளிநாட்டு வால்வுகள் ஆயிரக்கணக்கில் ஆகும். பெங்களூரின் டாக்டர் விஷால் ராவ் ஐம்பது ரூபாய் அளவில் கிடைக்கும்படி ஒரு வால்வு செய்தார். உங்கள் மருத்துவமனையில் எது வைக்கிறார்கள், யார் மாற்றுவார்கள் என்று கேளுங்கள். முடிந்தால் அங்கே ஆபரேஷன் ஆன ஒருவரை அப்பா நேரில் பார்க்கட்டும், கரண்ட் முடித்த ஒருவரையும் பார்க்கட்டும். ஒரே ஒருவரை மட்டும் காட்டுவது ஓரவஞ்சனை.

எண் சொல்லும்போது ஒரு எச்சரிக்கை. "பத்தில் ஒன்பது பேர் பிழைக்கிறார்கள்" என்பதும் "பத்தில் ஒருவர் இறந்துவிடுகிறார்" என்பதும் ஒரே கணக்குதான். ஆனால் முன்னதைச் சொன்னால் ஆபரேஷனுக்கு ஆள் கூடுகிறது, பின்னதைச் சொன்னால் குறைகிறது. நுரையீரல் புற்றுநோயை வைத்து 1982-ல் நடந்த ஆய்வில் மருத்துவர்களே இதில் சறுக்கினார்கள். நீங்கள் ஆபரேஷன் பக்கம் சாய்ந்திருக்கிறீர்கள், தங்கை மறுபக்கம். அதனால் யார் சொன்னாலும் இரண்டு விதமாகவும் சொல்லுங்கள். கரண்ட் என்ற சொல்லையும் விளக்கிவிடுங்கள். நிஜமாகவே ஷாக் அடிப்பது என்று நினைத்துப் பயந்து ஓடியவர்களைப் பார்த்திருக்கிறேன். எக்ஸ்ரே எடுக்கிற மாதிரிப் படுக்கவேண்டியதுதான், அந்த நேரத்தில் வலிக்காது.

செலவுக்கு 15 மார்க் போட்டிருக்கிறீர்கள். அதில் அதிகம் யோசிக்காமல், குடும்ப ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் என்றால் முதலமைச்சர் காப்பீட்டு அட்டையைக் கொண்டுபோய் எந்தச் சிகிச்சைக்கு எவ்வளவு வரும் என்று ஆஸ்பத்திரியின் காப்பீட்டுக் கவுன்டரில் கேட்டுவிடுங்கள். உங்களுடைய கம்பெனி இன்சூரன்ஸில் அப்பா பெயர் இருக்கிறதா என்றும் பாருங்கள்.

மூன்றாவது கேள்வி. என் அப்பாவாக இருந்தால்? என் அப்பா அதிகம் பேசமாட்டார், சாப்பாட்டுப் பிரியர், நீச்சல் தெரியாது, ஆஸ்பத்திரிக்குத் தேதி தவறாமல் வருவார். அவருக்கு நான் யோசிப்பது விழுங்குதலைச் சுற்றித்தான் இருக்கும். பாருங்கள், நான் சொன்னதில் ஒரு வரிகூட உங்கள் அப்பாவுக்குப் பொருந்தவில்லை. அவர் சீட்டை அடுக்கிய பிறகு, அந்த அடுக்கை உங்கள் டாக்டரிடம் காட்டி, "இவருக்கு இதுதான் முக்கியம், இந்த ஸ்கேனுக்கு நீங்கள் எதைச் சொல்வீர்கள்?" என்று கேளுங்கள். அப்போது அவர் தரும் யோசனை உங்கள் அப்பாவுக்கானதாக இருக்கும். இரண்டில் எதையும் செய்யலாம் என்றவர்கூட அப்போது ஒரு பக்கம் சொல்வார்.

பத்து நாளில் நான்கு போய்விட்டது என்கிறீர்கள். ஒரு வாரம் கூடுதலாகக் கேட்டால் பெரும்பாலும் தருவார்கள், மாதக்கணக்கில் மட்டும் தள்ளக்கூடாது. பீடியை இன்றே நிறுத்த வேண்டும், கதிர்வீச்சு நடக்கும்போது புகைத்தால் அதன் பலன் குறையும். கரண்ட் என்று முடிவானால் தொடங்கும் முன் பல் டாக்டரிடம் காட்டிவிடுங்கள். ஆடுகிற பல், சொத்தைப் பல் எதுவானாலும் முன்பே எடுத்துவிடுவது நல்லது. கதிர்வீச்சுக்குப் பிறகு பல் பிடுங்கினால் தாடை எலும்பு ஆறாமல் போக வாய்ப்பு உண்டு.